சிரிக்கக் கூடாத ஆறு வாரம்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து எட்டாவது வருடம், ஒரு புதிய கட்டடத்தில் லிஃப்டுக்கு எடைச் சோதனை நடந்தது. இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, சொன்ன எடையைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு லாரியில் வந்த கட்டிகளில் ஏழெட்டு குறைந்தன. சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவரை உள்ளே ஏறி நிற்கச் சொன்னார். ஏறி நின்றார். கணக்கு கச்சிதமாகச் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பெயர் 'டன்'.

டன் அப்போது நூற்று முப்பத்தெட்டு கிலோ. பெயருக்காகக் கோபித்துக்கொள்ளும் ஆள் இல்லை. போனை எடுத்தால் அவரே "டன் பேசறேன்" என்பார். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தத் தளத்துக் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார். குனிந்து நுழைய வேண்டிய வேலைகளை ஒல்லியான ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். காது வேலை அவருடையது.

அவர் மனைவிக்குக் குரல் வேலை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "குளியலறைக்குள் சென்ற அப்பா, சுமார் நாற்பது நிமிடம் தாமதமாக வெளியே வருவார், பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று காலையில் அறிவிப்பார். கல்லூரியில் படிக்கும் மகள் தேநீரைத் துப்பிவிடுவாள். உள்ளேயிருந்து டன் சிரிப்பது குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். டன் சிரித்தால் முதலில் வயிறு குலுங்கும், பிறகு அவர் உட்கார்ந்திருக்கும் கட்டில் குலுங்கும், கடைசியில்தான் வாயிலிருந்து சத்தம் வரும். அந்த வயிற்றுக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை இருந்தது.

அந்த மரியாதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மனைவியின் அண்ணன் சோபா கடை வைத்திருப்பவர். ஒன்பதாவது மாடியில் புது வீடு வாங்கி, சொந்தக்காரர்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கீழே லிஃப்டில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். டன் ஏறியதும் எச்சரிக்கை மணி அடித்தது. யார் இறங்கினாலும் மணி நின்றிருக்கும். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது டன்னைத்தான்.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு ஆள் இறங்கினா வெளிய நிக்கறவங்க ரெண்டு பேர் ஏறிக்கலாம்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். டன்னும் சிரித்துக்கொண்டே இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு மாடியாக மேலே போவது அவர் காதுக்குத் துல்லியமாகக் கேட்டது. மணி கேட்டாலே அலுத்துப்போகிற தொழில் அவருடையது. அன்றைக்கு மட்டும் அந்த மணி உள்ளே போய்த் தைத்துவிட்டது. அடுத்த நடைக்குக் காத்திருக்காமல் படியேறப் போனார். நாலாவது மாடியில் மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் அடுத்த நாள் போன் செய்தபோது எடுக்கவில்லை. அதன்பிறகு அண்ணனுக்கும் ரோஷம் வந்தது. இவர் வருகிற வீட்டுக்கு அவர் வருவதில்லை, அவர் வருகிற வீட்டுக்கு இவர் போவதில்லை. இப்படியே மூன்று வருடம்.

அந்த மூன்று வருடத்தில் டன் படியேறினார். எந்தக் கட்டடத்தில் வேலை என்றாலும் மோட்டார் அறைவரை கால் நடைதான். லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவர் படியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, லிஃப்டை நம்பலாமா கூடாதா என்று குடியிருப்பவர்கள் குழம்பினார்கள். தட்டில் விழுவது பாதியானது. இரண்டு வருடத்தில் நூற்று முப்பத்தெட்டு, எண்பத்துமூன்றானது. அதற்குமேல் ஒரு வருடமாக முள் அங்கேயே நின்றது.

கொழுப்பு போய்விட்டது. அதைச் சுற்றியிருந்த தோலுக்குப் போக இடம் தெரியவில்லை. சட்டையைக் கழற்றினால் வயிற்றிலிருந்து தொடைவரை ஒரு வெறும் கோணிப்பை மடிந்து தொங்கியது. அதைச் சுருட்டி, பேண்டுக்குள் செருகி, மேலே பெல்ட்டைப் போட்டுத்தான் காலையில் கிளம்ப வேண்டும். மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும். படி இறங்கும்போது தனக்குப் பின்னால் யாரோ கைதட்டிக்கொண்டு வருவதுபோல அது தொடையில் அடிக்கும். எதற்கும் அறிவிப்பு வைத்திருக்கும் மனைவி இதற்கு மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. பவுடர் டப்பாவைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பார்.

டன்னை ஒரு முடிவெடுக்க வைத்தது ஒரு கொக்கி. லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஒரு சின்னக் கதவு இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடமாக டன் அதன் வழியே நுழைந்ததில்லை. இப்போது நுழைய முடியும் என்பதே அவருக்குப் பெருமை. ஒரு நாள் தானே முந்திக்கொண்டு ஏணியில் ஏறித் தலையை விட்டார், தோளை விட்டார், இடுப்பும் போய்விட்டது. சட்டை மேலேறி, வயிற்றுத் தோல் மட்டும் கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியாமல், கீழேயும் வர முடியாமல் பத்து நிமிடம் நின்றார். கீழே ஏணியைப் பிடித்திருந்த சக மெக்கானிக் அதைக் கருவிப் பை என்று நினைத்து, "அந்தப் பையைக் கழட்டி இப்படிக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்று கையை நீட்டினார்.

அன்று மாலை டன் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, மகளுக்கும் வந்தது. மனைவி மட்டும் எழுந்து போய், கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் பெயரும் நேரமும் அதில் இருந்தன. சீட்டு கசங்கியிருந்தது. நான்கு மாதமாகப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அந்த டாக்டரம்மா சிரிக்காதவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டன்னின் வயிற்றுத் தோலை இரண்டு கையாலும் தூக்கி, துணிக்கடையில் நெசவு பார்ப்பதுபோலப் பார்த்தார். டன்னுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. ஆம்பளைங்க இதெல்லாம் பண்ணிக்குவாங்களா என்று கூச்சத்தோடு கேட்டார்.

"தோலுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "உடம்பு இளைக்கறதுக்காக இதைப் பண்ணச் சொல்லி வர்றவங்களை நான் திருப்பி அனுப்பிடுவேன். நீங்க இளைச்சு முடிச்சிட்டு வந்திருக்கீங்க. கஷ்டமான பாதியை நீங்களே பண்ணிட்டீங்க."

பிறகு விளக்கினார். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை அடிவயிற்றில் வெட்டு. விலகிப்போன தசைகளை நடுவில் சேர்த்துத் தையல். மேல்தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுப்பது. தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்குப் புதிய தோலில் புதிய ஓட்டை போடுவார்கள். தொப்புளில் டன் நின்றுவிட்டார். ஓட்டை கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டார். தள்ளிப் போகாது என்றார் டாக்டரம்மா. ரத்தம் கட்டலாம், நீர் கோக்கலாம், தையல் பிரியலாம், தழும்பு நிச்சயம் இருக்கும் என்று ஒவ்வொன்றாக மறைக்காமல் சொன்னார். இரண்டு வாரம் நிமிர முடியாது, குனிந்துதான் நடக்க வேண்டும். ஆறு வாரம் வயிற்றில் இறுக்கமான பட்டை. எடை தூக்கக் கூடாது. இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். சிரிக்காமலிருப்பது இன்னும் நல்லது.

"வீட்ல உங்களைச் சிரிக்க வைக்கறவங்க யாராவது இருக்காங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

டன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் படு பவ்யமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் ஹெர்னியா என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்தார் டன். புது மோட்டார் பைக்குக்காகச் சேர்த்திருந்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ஆபரேஷன் அன்று காலை டாக்டரம்மா அவரை நிற்க வைத்து, ஊதா நிறப் பேனாவால் வயிறெல்லாம் கோடு போட்டார். கண்ட்ரோல் பேனல் வயரிங் படம்போலவே இருக்கிறது என்று டன் நர்ஸிடம் சொன்னார். மூன்றரை மணி நேரம் ஆனது. எடுத்த தோல் மூன்று கிலோ இருநூறு கிராம். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, தொப்புள் நடுவில் இருக்கிறதா என்பதுதான்.

மனைவி முதல் நாள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாளும் சமாளித்தார். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது, நர்ஸ் மருந்துச் சீட்டோடு வந்து எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா, எதையும் விட்டுவிடவில்லையே என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்து விழுந்த இடம் அப்படி. தானாகவே அந்தக் குரல் வந்துவிட்டது.

"மூன்று கிலோ இருநூறு கிராம் எடையுள்ள உடைமை ஒன்று, உரிமையாளரால் கைவிடப்பட்டுள்ளது."

டன் சிரித்தார். சிரித்த அடுத்த நொடி வயிற்றில் யாரோ ஜிப்பைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. "ஐயோ அம்மா" என்றார். வலிக்கிறதே என்று நினைத்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. நர்ஸ் தலையணையை எடுத்து அவர் வயிற்றில் அமுக்கிக்கொண்டே, இவருக்கு நல்லாகணும்னு நினைக்கறீங்களா இல்லையா என்று மனைவியைக் கடிந்துகொண்டார். மனைவி குற்றவாளிபோலத் தலை குனிந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்து டன்னுக்கு மறுபடியும் வந்துவிட்டது.

வீட்டில் மகள் சட்டம் போட்டாள். அம்மா அறிவிப்புக் குரலில் பேசக் கூடாது. டிவி கூடாது. அப்பாவை நேருக்கு நேர் பார்த்து யாரும் உதட்டைக் கடிக்கக் கூடாது. வயிற்றிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வந்து, ஒவ்வொன்றின் முனையிலும் மாதுளம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் குடுவை தொங்கியது. உள்ளே ஊறுகிற நீர் அதில் சேரும். தினமும் இரண்டு வேளை அளந்து எழுத வேண்டும். மகள் அதைப் பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி விறைப்பாக நின்று படிப்பாள்: "இடது முப்பத்தஞ்சு. வலது நாப்பது." வலதுதான் நன்றாக வேலை செய்கிறது என்பார் டன், ஏதோ அவருக்குக் கீழே இரண்டு பேர் வேலை பார்ப்பதுபோல.

தடை போட்டால் வருவது சிரிப்புக்கு வழக்கம். மூன்று பேரும் வாய் பேசாமல் சாப்பிடுவதே சிரிப்பாக இருந்தது. ஸ்பூன் கீழே விழுந்தால் சிரிப்பு. எதிர் வீட்டில் யாரோ தும்மினால் சிரிப்பு. வருகிறமாதிரி இருந்தால் டன் கையைத் தூக்குவார். உடனே மனைவி லிஃப்ட் பராமரிப்புக் கையேட்டை எடுத்துச் சாதாரணக் குரலில் படிப்பார். "கதவு முழுமையாக மூடாத நிலையில் பயணிகள் பதற்றமடையத் தேவையில்லை" என்கிற இடம்வரை டன் தாக்குப்பிடிப்பார். அதற்குமேல் கையேடும் உதவாது.

ஐந்தாம் நாள் மதியம் சிரிப்பு எதுவும் வரவில்லை. பட்டையைக் கழற்றித் துடைக்கும்போது டன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வயிறு வீங்கி, நீலமும் மஞ்சளுமாக இருந்தது. தையல் ஒரு பக்கம் கசிந்தது. தொப்புளைச் சுற்றித் தொட்டால் உணர்ச்சியே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, நன்றாக இருந்த உடம்பை நானே போய் அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன், யாருக்காக இது என்று முணுமுணுத்தார். மனைவி ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அறிவிப்புக் குரல் இல்லை. அவருடைய சொந்தக் குரல் எவ்வளவு சன்னமானது என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"அன்னிக்கு அந்த லிஃப்ட் மேல போனப்ப உள்ள நானும் இருந்தேங்க" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மூணு வருஷமா அதை உங்ககிட்ட சொல்லணும்னு இருக்கேன்."

"தெரியும்" என்றார் டன். "உன் சிரிப்பு எனக்குக் கேக்காதா?"

"அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா வீட்லயும் சிரிக்கறதை நிறுத்திடுவே. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

மனைவி துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்தார். அன்றைக்குத் துடைத்து முடிக்க வெகு நேரமானது. கசிவைக் காட்ட அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் டாக்டரம்மாவிடம் போனார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு தையல்தான் அவசரப்பட்டுவிட்டது என்றார் அவர்.

நடக்க வேண்டும், நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும் என்பதால், டன் தினமும் கூடத்திலும் வாசலிலும் நடந்தார். தலையணையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, பாதி வளைந்து, தரையைப் பார்த்து நடப்பார். எதிர் வீட்டு வக்கீல் பத்து வருடமாக யாருக்கும் வணக்கம் வைத்தறியாதவர். டன் கைகளை மார்புக்குக் கீழே சேர்த்துக் குனிந்து வருவதைப் பார்த்து, முதல் நாள் திடுக்கிட்டார். இரண்டாம் நாள் லேசாகத் தலையசைத்தார். நாலாம் நாள் அவரும் குனிந்தார். எவ்வளவு பணிவான மனுஷன், இத்தனை நாளாகக் கவனிக்காமல் போய்விட்டேனே என்று மனைவியிடம் சொன்னாராம்.

ஒன்பதாம் நாள் காலையில், முன்னறிவிப்பில்லாமல் மச்சான் வந்தார்.

தங்கை போனில் வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு, வந்து பார்த்தால் தெரியும் என்று போனை வைத்துவிட்டார். சோபா கடைக்காரர் புற்றோ கட்டியோ என்றே முடிவு செய்துவிட்டார். கடையிலேயே உயர்ந்த சாய்வு நாற்காலியை, பொத்தானை அமுக்கினால் முதுகு சாய்ந்து கால் உயரும் நாற்காலியை, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். டன் குடியிருப்பது இரண்டாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கடை ஆட்கள் இரண்டு பேரோடு தானும் ஒரு காலைப் பிடித்து, இளைக்க இளைக்க மேலே வந்து, அழைப்பு மணியை அடித்தார்.

டன் அப்போது கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். பால்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தார்.

வாசலில் மச்சான். உள்ளே, எண்பது கிலோவாகச் சுருங்கிய ஓர் ஆள், தலைகுனிந்து, இடுப்பு வளைந்து, இரண்டு கையையும் முன்னால் கூப்பினமாதிரி வைத்துக்கொண்டு நின்றார். மூன்று வருடமாகப் பார்க்காத மாப்பிள்ளை. நிமிரவே இல்லை. மச்சான் நாற்காலிக் காலை விட்டுவிட்டார். கடை ஆட்கள் இரண்டு பேரும் பாரத்தோடு தள்ளாடினார்கள்.

"மாப்பிள்ளை, நீங்க எதுக்குக் குனியறீங்க?" என்றார் மச்சான். "தப்புப் பண்ணினவன் நான். நிமிருங்க."

"முடியல மச்சான்" என்றார் டன். அது உண்மை.

மச்சானுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் விழுந்தது. அவரும் குனிந்தார். இவரைவிடக் கீழே குனிந்தார். மரியாதைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று டன் கொஞ்சம் நிமிரப் பார்த்தார், தையல் சுருக்கென்றது, மறுபடி மடங்கினார். அதைப் பார்த்த மச்சான் இன்னும் கீழே போனார். இரண்டு பேர் தலையும் முட்டுகிற தூரத்தில் இருந்தன. எதிர் வீட்டு வக்கீல் பையோடு வெளியே வந்தவர், இதென்ன விசேஷம் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் குனிந்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

டன்னுக்கு வந்துவிட்டது. கையைத் தூக்கினார். கையேடு படிக்க ஆள் பக்கத்தில் இல்லை. தலையணையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கினார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. தோள் குலுங்கியது. மச்சான் அதைப் பார்த்துத் தாங்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். சமையலறையிலிருந்து வந்த மனைவி பார்த்தபோது, ஒருவர் சிரிப்பை அடக்கி அழுதுகொண்டிருந்தார், ஒருவர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார், வாசலில் இரண்டு பேர் நாற்காலியை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டன்னைப் புது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மனைவி அண்ணனிடம் பொறுமையாக விளக்கினார்: புற்றும் இல்லை கட்டியும் இல்லை, தொங்கிய தோலை எடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு நிமிர முடியாது, பால்காரருக்கும் இப்படித்தான் குனிகிறார். மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "வளைஞ்சது வளைஞ்சதுதான்."

பிறகு அவரே தொடர்ந்தார். அன்றைக்கு மேலே போய்ப் பத்து நிமிடமாகியும் மாப்பிள்ளை வரவில்லை என்றதும், காரில் எதையோ மறந்துவிட்டேன் என்று வீட்டிலிருந்தவர்களிடம் பொய் சொல்லிவிட்டு, படி வழியாகத் தேடிக்கொண்டு இறங்கியிருக்கிறார். "ஒன்பது மாடியும் இறங்கினேன் மாப்பிள்ளை. ஒவ்வொரு வளைவுலயும் உக்காந்திருப்பீங்கன்னு பாத்தேன். கீழ வந்தா நீங்க இல்லை."

டன் விரல்விட்டு மாடிகளை எண்ணினார்.

"நாலாவது மாடியில மூச்சு வாங்கிச்சு மச்சான். அங்கேர்ந்து லிஃப்டுல இறங்கிட்டேன்" என்றார்.

ஒருவர் படியில் இறங்க, ஒருவர் லிஃப்டில் இறங்க, நடுவில் ஒரு சுவர். அதற்கு மூன்று வருடம். முதலில் மனைவிதான் வெடித்தார். அடுத்தது மச்சான். டன் தலையணையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் பொத்தானைத் தவறி அமுக்கிவிட, கால் மெல்ல மெல்ல உயர, முதுகு மெல்ல மெல்லச் சாய, "வேண்டாம், வேண்டாம், பிரிஞ்சிடும்" என்று கெஞ்சிக்கொண்டே படுத்த வாக்கில் சிரித்தார். தையல் பிரியவில்லை. மாலையில் மகள் கல்லூரியிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு மூன்று பெரியவர்களையும் திட்டினாள்.

அதற்குப்பின் மச்சான் தினமும் கடை மூடியதும் வந்தார். பதினோராம் நாள் குழாய்களை எடுத்தார்கள். நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் டன் நிமிர்ந்தார். மூன்றாவது வாரம் நேராக நின்றபோது, தான் இவ்வளவு உயரமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. எதிர் வீட்டு வக்கீல்தான், நிமிர்ந்து வந்த டன்னைப் பார்த்து, என்மேல் ஏதாவது கோபமா என்று விசாரித்தார்.

ஏழாவது வாரம் வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் இரண்டு முறை ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டவர். எந்தப் பக்கம், எத்தனை தையல், உள்ளே வலை வைத்துத் தைத்தார்களா என்று அனுபவஸ்தராகக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு கேள்விக்கு டன் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்வியில் அலுத்துவிட்டது. மோட்டார் அறையில் நாலு பேர் நடுவில், ஹெர்னியா இல்லை, தொப்பைத் தோலை எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். கேலி வரப்போகிறது என்று டன் தோளை விறைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பார்க்கலாமா என்றார்.

டன் சட்டையைத் தூக்கினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக, தானே தூக்கினார். இடுப்பிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு கோடு. நாலு மெக்கானிக்குகளும் குனிந்து, ஒருவர் டார்ச் அடிக்க, பேரிங்கில் விரிசல் தேடுவதுபோலக் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்கள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் சான்றிதழ் கொடுத்தார்.

"தொப்புள் புதுசா?" என்று டார்ச் பிடித்திருந்தவர் கேட்டார்.

"பழசுதான். ஓட்டை மட்டும் புதுசு" என்றார் டன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஸ்டோர் கிளார்க், டிரைவர், ஒரு கட்டடத்தின் காவலாளி என்று ஆறு பேர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வலிக்குமா என்று கேட்டார்கள். வலிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். முதலில் இளைக்க வேண்டும், அது இதைவிட வலிக்கும் என்றும் சொன்னார்.

நாலு மாதம் கழித்து, டாக்டரம்மா எல்லாத் தடையையும் நீக்கியபின், மகள் அவரை நகராட்சி நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனாள். மனைவியும் மச்சானும் துண்டு, எண்ணெய், தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் வந்தார்கள். டன் பள்ளிக்கூட நாளிலிருந்து பிறர் முன்னால் சட்டையைக் கழற்றியதில்லை. உடை மாற்றும் அறையில் கால்மணி நேரம் நின்றார். தழும்பைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுமோ என்று நினைத்தார். பிறகு, வருவது வரட்டும் என்று கடையில் வாங்கிய புது நீல டிராயரோடு வெளியே வந்து, குளத்தின் விளிம்புவரை நேராக நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சிறுமி மட்டும் பார்த்தாள். அவளும் அவருக்குப் பின்னாலிருந்த ஐஸ்கிரீம் வண்டியைத்தான் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் டன் குதித்துவிட்டார். மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் குதித்த வேகத்தில் குளத்தில் பாதி வெளியே தெறித்தது. மூழ்கி எழுந்து, முகத்தைத் துடைத்து, கரையில் நின்ற மூவரையும் பார்த்துக் கையசைத்தார். மூன்று பேரும் பதிலுக்குக் கையசைக்காமல், தண்ணீரில் வேறெதையோ கைகாட்டினார்கள். இரண்டு கஜ தூரத்தில் நீல டிராயர் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. நாற்பத்தாறு வருடமாகத் தொப்பைதான் டிராயரைப் பிடித்து நிறுத்தியிருந்தது. நாடா என்று ஒன்று இருப்பதும், அதைக் கட்ட வேண்டும் என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை.

மச்சான் செருப்போடு தண்ணீரில் இறங்கி டிராயரை மீட்டுக் கொடுத்தார். டன் தண்ணீருக்கடியிலேயே அதை மாட்டி, நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டார். மேலே ஏறச் சொன்னதற்கு ஏறவில்லை. குளத்தை மூடும் மணி அடிக்கும்வரை, விளிம்பைப் பிடித்துக்கொண்டு இங்குமங்கும் காலை உதைத்துக்கொண்டிருந்தார். நீச்சல் மட்டும் வரவில்லை. போகிற வழியில் அலுவலக ஜன்னலில் நின்று, திங்கட்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்தார். எழுதிக்கொண்டவர் பெயரைக் கேட்டதும், சம்பளச் சீட்டில் இருந்த பெயரைச் சொன்னார்.